கோழிக்கு எடுத்த அளவு

"மார்பு பதினொன்றரை," என்றார் டைலர், உதட்டில் குண்டூசியைக் கவ்வியபடி.

"கோழிக்கு மார்பு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு முதல்ல சொல்லுங்க," என்றாள் மனைவி. கோழியை இரண்டு கையாலும் பிடித்திருந்தவள் அவள்தான். கோழி அவளை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையில் நட்பு இருந்ததாகச் சொல்ல முடியாது.

"முப்பது வருஷமா அளவெடுக்கிறேன், எனக்கே பாடமா? உடம்புன்னு ஒண்ணு இருந்தா மார்புன்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யும். கழுத்து நாலு. கொஞ்சம் தூக்கிப் பிடி, முதுகு பார்க்கணும்."

"சீக்கிரம் பாருங்க. அது என் மடியை வேற என்னவோன்னு நினைச்சுக்கிட்டிருக்கு."

"அதுக்கென்ன தெரியும், பாவம். இது ரொம்ப இளைச்சிருக்கு. ரெண்டு விரல் தாராளமா விட்டுத் தைக்கிறேன். நாளைக்கு உடம்பு தேறினா இறுக்கிப் பிடிக்கக்கூடாது பாரு."

கோழியின் உடம்பில் இறகு என்று சொல்லிக்கொள்ள அங்கொன்றும் இங்கொன்றும்தான் இருந்தன. கழுத்து மொட்டை. முதுகு மொட்டை. வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. குளிக்க இறங்கிய இடத்தில் துணியைப் பறிகொடுத்தவனைப் போல அது கூசிக் குறுகியிருந்தது. மற்ற ஐந்தும் அப்படியேதான் சுவரோரமாக ஒண்டிக்கொண்டிருந்தன.

டைலர் நகரத்துக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஊருக்கு வெளியே இந்தச் சின்ன நிலத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. நிலம் மனைவியின் ஆசை. வந்த மறுநாளே மண்வெட்டியைத் தூக்கியவள், கத்தரி, தக்காளி, வெண்டை, கீரை, பூசணி என்று பாத்தி பாத்தியாகப் போட்டுவிட்டாள். பக்கத்து மாணவர் விடுதிச் சமையலறைக்குக் காய் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது தோட்டம். டைலருக்குத்தான் கை சும்மா இருந்தது. தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டு, கிழியாத துணிகளுக்கெல்லாம் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒரு நாள் அவர்கள் போகிற பிரார்த்தனைக் கூட்டத்துக்கு ஓர் அம்மாள் வந்தார். கூண்டுக் கோழிகளைக் காப்பாற்றுகிற சங்கத்தைச் சேர்ந்தவர். பெரிய முட்டைப் பண்ணை ஒன்றை மூடப்போகிறார்கள், கோழிகளெல்லாம் கசாப்புக்குத்தான் போகும், யாராவது ஆளுக்கு அரை டஜன் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். மனைவி பிடித்து இழுப்பதற்குள் டைலரின் கை மேலே போய்விட்டது.

"திங்கட்கிழமை விடியக்காலம் எங்க வண்டி வந்து உங்க வாசல்ல இறக்கிடும்," என்றார் அந்த அம்மாள். "இதுங்க வெயிலையே பார்த்ததில்லைங்க. நடக்கத் தெரியாது, மண்ணைக் கிளறத் தெரியாது. இறகெல்லாம் கொட்டிப்போயிருக்கும். பொறுமையா, அன்பா சொல்லிக் குடுக்கணும். திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க. எங்ககிட்ட இடமில்லை. திரும்பி வந்தா கசாப்புக்கடைதான்."

திங்கட்கிழமை விடியும்போது டைலர் கதவைத் திறந்தார். வெளிக்கதவுப் பக்கம் ஆறு மொட்டைக் கோழிகள் நின்றிருந்தன. வண்டியையும் காணோம், ஆளையும் காணோம்.

"பேப்பர் போடற மாதிரி போட்டுட்டுப் போயிட்டாங்களே," என்றாள் மனைவி.

"எத்தனை வீட்டுக்குப் போகணுமோ, பாவம்," என்று சொல்லி, ஒவ்வொன்றாக மார்போடு அணைத்து உள்ளே கொண்டுவந்தார். வரமாட்டேன் என்று அவை போட்ட கூச்சலில் தெருநாய் இடத்தைக் காலி செய்தது. "மனுஷக் கைன்னாலே பயம். என்ன பாடு பட்டுச்சுங்களோ," என்று டைலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாடம் அன்றே ஆரம்பமானது. டைலர் தோட்டத்தில் குந்தி உட்கார்ந்து, விரல்களை மடக்கி, "இதோ பாருங்க, இப்படி, இப்படி," என்று மண்ணைக் கிளறிக் காட்டினார். கோழிகள் அவரைச் சற்று நேரம் பார்த்தன. பிறகு அவரை ஒதுக்கிவிட்டுத் தாங்களே கிளற ஆரம்பித்தன.

"ஏம்மா, ஓடி வா. கத்துக்கிச்சுங்க. ஒரே தடவைதான் சொல்லிக் குடுத்தேன். அன்புன்னா என்னன்னு வந்து பாரு."

மனைவி ஓடி வந்து பார்த்தாள். ஒரு பாத்திக் கத்தரி நாற்று வேரோடு மல்லாந்து கிடந்தது.

"பார்த்தேன்," என்றாள். "நல்லாப் பார்த்தேன்."

அன்று சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வந்தது மனைவி. தலையாட்டியது டைலர். கத்தரி போனது போகட்டும், புதுசாக வந்த பிள்ளைகள். ஆனால் தக்காளிதான் விடுதிக்கு வாக்குக் கொடுத்திருப்பது. தக்காளியில் கை வைத்தால், கால் வைத்தாலும்தான், கோழிகள் இந்த வீட்டில் இருக்க முடியாது. ஆண்டவன் சாட்சியாகச் சரி என்றார் டைலர். சொல்லிவிட்டு, அவற்றின் மொட்டை முதுகைப் பார்த்தார். கசாப்புக்கடை அவர் கண்முன் வந்துவிட்டுப் போனது.

"முதல்ல இதுங்களுக்கு ஒரு சட்டை வேணும்," என்றார். "ஆண்டவன் குடுத்ததை மனுஷன் பறிச்சுட்டான். மனுஷன்தானே திருப்பித் தைச்சுக் குடுக்கணும்."

இப்படித்தான் அளவெடுக்க நேர்ந்தது.

ஏதோ ஒரு பேண்டு வாத்தியக் குழுவுக்குத் தைத்ததில் மிச்சப்பட்ட சிவப்புச் சாட்டின் இருந்தது. கழுத்துப்பட்டி, இறக்கைக்கு வழி, வயிற்றடியில் இரண்டு பட்டன். ஆறு சட்டையும் கச்சிதமாக உட்கார்ந்தன. ஆறு கோழிகளும் வாத்தியக்காரர்களைப் போல வரிசையாக நின்றன. வாத்தியம் மட்டும்தான் பாக்கி.

அந்தப் பாக்கியையும் அவை வைக்கவில்லை. முதல் கோழி இரண்டாவதன் சட்டையை உற்றுப் பார்த்தது. கோழிக்குச் சிவப்பைக் கண்டால் ரத்தம் என்று தோன்றுமாம். ரத்தத்தைக் கண்டால் கொத்தத் தோன்றுமாம். இது டைலருக்குத் தெரியாது. ஒன்றை ஒன்று கொத்தி, துரத்தி, ஓலமிட்டு, அரை மணி நேரத்தில் ஆறும் கந்தலாகி நின்றன. விலக்கப் போன டைலரின் கட்டைவிரலிலும் ரத்தம் வந்தது. அதையும் கொத்தின.

"கலர்தான் தப்பு," என்றார் டைலர், விரலைச் சூப்பியபடி. "தையல் பாரு, ஒரு இடம் பிரியலை."

அடுத்து ஆஸ்பத்திரிக்குத் தைத்ததில் மிச்சமான பச்சைத் துணியை எடுத்தார். பச்சை மனதுக்கும் கண்ணுக்கும் குளிர்ச்சி, கொத்தத் தோன்றாது என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஒன்றை ஒன்று கொத்தவில்லை. பச்சைச் சட்டையோடு கீரைப் பாத்தியில் இறங்கின. அதன்பின் அவற்றைக் காணவில்லை.

வீடு முழுக்கத் தேடினார்கள். கட்டிலுக்கடியில் பார்த்தார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். தேடிக் களைத்துப்போன மனைவி, சரி, ஆகிற வேலையைப் பார்ப்போம் என்று கீரை அறுக்கக் குனிந்து ஒரு பிடியைச் சேர்த்துப் பிடித்தாள்.

கீரை அலறியது.

அவளும் அலறினாள். அரிவாள் ஒரு பக்கம் போக, அவள் ஒரு பக்கம் போய் பூசணிக் கொடிமேல் உட்கார்ந்தாள். பாத்தியில் ஆறு இடத்தில் கீரை எழுந்து ஓடியது. அது ஓடிய பிறகு மீதி இருந்தது தண்டு மட்டும்தான்.

"தக்காளிக்குப் போகலையே," என்றார் டைலர் மெதுவாக. "கீரையோட நின்னுடுச்சுங்க. சொன்ன பேச்சுக் கேட்கத் தொடங்கிடுச்சு."

பூசணியின்மேல் உட்கார்ந்தபடியே மனைவி அவரைப் பார்த்த பார்வையில், டைலர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில்தான் பக்கத்து வீட்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஊரிலிருந்து திரும்பினார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். மகளுக்குப் பிரசவம் என்று போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்திருந்தார். டைலர் குடும்பத்துக்கும் அவருக்கும் வேலி வழியாகத் தலையாட்டுகிற பழக்கம் மட்டும்தான். அன்று காலை வேலிக்கு மேலே அவருடைய தலை தெரிந்தது. முகம் வாடிப்போயிருந்தது.

"டைலர் சார், என் கோழிங்களைப் பார்த்தீங்களா?"

"உங்ககிட்ட கோழி இருந்துதா மாஸ்டர்?"

"வீட்டுக்குப் பின்னால கூண்டு போட்டு வச்சிருந்தேன். வேளாவேளைக்குத் தீனி போடச் சொல்லிப் பால்காரர்கிட்ட விட்டுட்டுப் போனேன். வந்து பார்த்தா கூண்டு காலி. கேட்டா, நரி தூக்கிட்டுப் போச்சுங்கிறார். பூட்டைத் திறக்கிற நரியை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"சத்தியமா இல்லை."

"திருட்டுங்க. சுத்தமான திருட்டு. பார்த்தவன் விட்டிருக்க மாட்டான். அந்த அழகு அப்படி. ஒவ்வொண்ணும் கொழுகொழுன்னு, இறகு ஒவ்வொண்ணும் எண்ணெய் தடவிச் சீவினாப்போல பளபளன்னு... வால் மட்டும் இந்த அளவுக்கு இருக்கும்." மாஸ்டர் கையை விரித்துக் காட்டினார். அப்போதுதான் டைலரின் காலடியில் அவர் பார்வை விழுந்தது. "என்னங்க இது?"

"கோழிங்க."

"ஆபரேஷன் தியேட்டர்லேருந்து வந்த மாதிரி இருக்கே."

டைலர் விவரம் சொன்னார். பண்ணை, கூண்டு, சங்கத்து அம்மாள், விடியற்கால வண்டி எல்லாம். ஒரு கோழியின் சட்டைக் கழுத்தைச் சற்றே விலக்கி மொட்டையையும் காட்டினார். மாஸ்டர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன கொடுமைங்க இது. வாயில்லாத ஜீவனை இப்படியா வைப்பான் ஒருத்தன்? கோழி வளர்க்கத் தெரியாதவன் கையில கோழியைக் குடுக்கவே கூடாது."

"அதைத்தான் நானும் சொல்றேன் மாஸ்டர்."

"முட்டை போடுதா?"

"எப்படிப் போடும்? மனசு உடைஞ்சு கிடக்குதுங்க."

"எங்க வீட்டுப் பிள்ளைங்க தினம் போடும். வருஷத்துல ஒரு தடவை இறகு உதிர்த்துப் புதுசு முளைக்கும்போதுதான் நிறுத்தும்," என்று பெருமூச்சு விட்டார் மாஸ்டர். பிறகு பல்லைக் கடித்தார். "அந்தத் திருடன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

டைலரின் மனது கேட்கவில்லை. அன்று சாயங்காலப் பிரார்த்தனையில் வாய்விட்டே வேண்டினார். "ஆண்டவனே, அந்தத் திருடன் எங்கே இருந்தாலும் அவனுக்கு நல்ல புத்தியைக் குடு. அவன் மனசை உறுத்து. அவன் சாப்பிடும்போது சோறு இறங்கக்கூடாது."

"அவனுக்குக் குடுக்கும்போது பக்கத்துல இருக்கிறவருக்கும் கொஞ்சம் புத்தியைக் குடு," என்று மனைவி சேர்த்துக்கொண்டாள்.

கோழிகளுக்கு இன்னொரு பழக்கம் வந்து சேர்ந்தது. பொழுது சாய்ந்தால் போதும், ஆறும் வேலியை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். வேலியில் எந்த ஓட்டையை அடைத்தாலும் அடுத்த ஓட்டை அவற்றுக்குத் தெரிந்திருந்தது. நேராக மாஸ்டர் வீட்டுக் காலிக் கூண்டுக்குள் போய்க் குறுக்குக் கம்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். டைலர் தினமும் போய் அள்ளிக்கொண்டு வருவார்.

"கூண்டு ஏக்கம்," என்று மனைவிக்கு விளக்கினார். "ஜெயில்ல ரொம்ப வருஷம் இருந்தவனுக்கு வெளிய வந்தாலும் தூக்கம் வராதாம். சுவரைத் தேடுவானாம். இதுங்களுக்கும் அதே வியாதி."

மாஸ்டருக்கு இந்தப் போக்குவரத்து தெரியாது. சாயங்காலமானால் அவர் மகளோடு போனில் பேசப் போய்விடுவார். ஆனால் காலையில் கூண்டுக்குப் பக்கத்தில் செருப்புத் தடத்தைப் பார்த்துவிட்டார். திருடன் திரும்பவும் வந்திருக்கிறான், மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. அவ்வளவுதான். பழைய கொசுவலையைக் கூண்டு வாசலுக்கு மேலே தூக்கிக் கட்டி, கயிற்றை வாசற்படியில் குறுக்கே விட்டார். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விறகுக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினார்.

அன்றைக்கும் பொழுது சாய்ந்தது. கோழிகள் கயிற்றைத் தாண்டி உள்ளே போயின. சற்றுப் பொறுத்து டைலர் கயிற்றைத் தாண்டாமல் உள்ளே போனார்.

விசில் சத்தத்தில் பக்கத்துக் காகங்களெல்லாம் பறந்தன. "மாட்டினான், மாட்டினான்," என்று மாஸ்டர் தடியோடு ஓடி வந்தார். வலைக்குள் ஓர் உருவம், இரண்டு கக்கத்திலும் இரண்டு கோழியோடு, முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தது.

"மாஸ்டர், அடிக்காதீங்க. நான்தான்."

"டைலர் சாரா?" மாஸ்டரின் கைத்தடி கீழே விழுந்தது. "ஐயய்யோ. உங்க கோழியைத் தேடி வந்த உங்களைப் போய்த் திருடன்னு நினைச்சுட்டேனே. மன்னிச்சுக்கங்க. பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"பரவாயில்லை மாஸ்டர். பொருளைப் பறிகொடுத்தவருக்கு யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் தோணும்."

"இல்லைங்க, என் மனசு கேக்கலை. உங்க குணத்துக்கு..." மாஸ்டர் கிட்டத்தட்ட காலில் விழப் போனார். டைலர் தடுத்து, வலைக்குள்ளிருந்தபடியே அவருக்கு ஆறுதல் சொன்னார். இரண்டு பேருமாக வலையை விலக்கி, ஆளுக்கு மூன்று கோழியாகத் தூக்கிக்கொண்டு வேலி வரை வந்தார்கள்.

"உங்க கோழிங்க பாசமாத்தான் இருக்கு," என்றார் மாஸ்டர். அவர் கையில் இருந்த மூன்றும் சத்தமே போடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. "என்ன இருந்தாலும் என் பிள்ளைங்க மாதிரி வராது. தப்பா எடுத்துக்காதீங்க."

"அவங்கவங்களுக்கு அவங்கவங்க பிள்ளைதானே," என்று டைலர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

மாஸ்டருக்குத் தினமும் இந்தத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று டைலர் அன்றிரவு யோசித்தார். யோசித்தது நல்ல மனதோடுதான். ஆனால் தையற்காரருக்கு எந்த யோசனை வந்தாலும் அது நூலிலும் ஊசியிலும்தான் வந்து முடிகிறது. காலையில் ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் ஒரு வளையம் தைத்து, நல்ல கெட்டி நாடாவால் ஆறு கோழியையும் ஒன்றோடொன்று கோத்தார்.

"தனித்தனியாப் போனாத்தானே பிடிக்க முடியலை," என்றார் மனைவியிடம். "ஒண்ணாக் கட்டிட்டா ஒண்ணு கிழக்க இழுக்கும், ஒண்ணு மேற்க இழுக்கும். நடுவுல நின்னுடும். எங்க போகும்?"

"போயிடுச்சுன்னா?"

"போகாது."

ஆறு கோழிக்கும் ஒரே எண்ணம் இருக்கும் என்று எந்தத் தையற்காரன் எதிர்பார்ப்பான்?

பொழுது சாய்ந்ததும் முதல் கோழி வேலிப் பக்கம் திரும்பியது. மற்ற ஐந்தும் அதே பக்கம் திரும்பின. வழியில் தக்காளிப் பாத்தி. செடி ஒவ்வொன்றையும் குச்சி நட்டு, நார் போட்டுக் கட்டியிருந்தாள் மனைவி. முதல் கோழி முதல் குச்சிக்கு இடதுபுறம் போனது. இரண்டாவது வலதுபுறம் போனது. நாடா குச்சியில் மாட்டியது. டைலர் தைத்த நாடா அறுந்ததாகச் சரித்திரம் இல்லை. குச்சிதான் பிடுங்கிக்கொண்டு வந்தது. அதோடு கட்டிய செடியும் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. ஆறு பெட்டியும் பின்னால் ஏகப்பட்ட சரக்குமாக அந்த ரயில் தக்காளிகளைச் சிதறவிட்டபடி வேலியை நோக்கிப் போனது.

அன்று போன் பேசப் போகாமல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஸ்டேஷன் மாஸ்டர், தலை துவட்டிக்கொண்டிருந்த பச்சைத் துண்டை, தன்னையறியாமல் உயர்த்திக் காட்டினார். வரிசையாக ஒன்று வந்தால் கை தானாகத் தூக்கிக்கொள்கிறது. வாழ்நாள் பழக்கம்.

மனைவி கத்தவில்லை. பாத்தி நடுவில் வந்து உட்கார்ந்தாள். நசுங்காத தக்காளி ஏதாவது இருக்கிறதா என்று பொறுக்கினாள். மூன்று தேறியது. கத்தியிருந்தால்கூட டைலருக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"விடுதியில நாளைக்குத் தக்காளி கேட்பாங்க," என்றாள் அமைதியாக. "சட்டை போட்ட கோழி இருக்கு, பரவாயில்லையான்னு கேட்கட்டுமா?"

"ஏம்மா..."

"ஆண்டவன் சாட்சியா நீங்க சொன்னது."

டைலர் நாடாவை அவிழ்த்து, கோழிகளைப் பிரித்துவிட்டு, அவற்றின் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டார். ஒரு கோழியின் பட்டன் கழன்றிருந்தது. மாட்டப் பார்த்தார். முப்பது வருஷக் கைக்குத் துளை அகப்படவில்லை. கசாப்புக்கடை, கசாப்புக்கடை என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

மனைவி எழுந்து வந்தாள். கோழியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, பட்டனை அவளே மாட்டினாள்.

"கசாப்புக்கு அனுப்ப எனக்கு மட்டும் மனசு வந்திடுமா? என்னை என்னன்னு நினைச்சீங்க?" என்றாள். "வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காலிக் கூண்டு இருக்கு. தினம் மத்தியானம் அந்த மனுஷன் அதுக்குள்ள போய்ச் சும்மா நின்னுட்டு வர்றார். நீங்க பார்க்கலை. நான் பார்த்தேன்."

டைலர் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷக் குடும்பத்தில் இவளை அளவெடுத்து முடித்தாயிற்று என்று நினைத்தது தப்பு என்று தோன்றியது.

அப்போதே ஆளுக்கு மூன்றாகத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டர் கோழிகளையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கா? எல்லாமேயா?"

"உங்களுக்குத்தான் அண்ணா," என்றாள் மனைவி. "எங்களைவிட உங்களுக்குத்தான் கோழியோட மனசு தெரியும்."

"ஆனா சில நிபந்தனை இருக்கு மாஸ்டர்," என்றார் டைலர். சங்கத்து அம்மாளின் குரல் அவருக்குத் தானாக வந்துவிட்டது. "இதுங்க ரொம்பக் கஷ்டப்பட்டதுங்க. விக்கக்கூடாது. வெட்டக்கூடாது. இறகு முழுசா முளைக்கிற வரைக்கும் சட்டையைக் கழட்டக்கூடாது, கூச்சப்படும். ஞாயித்துக்கிழமை நான் வந்து பார்ப்பேன். அதட்டிப் பேசக்கூடாது. கோழி வளர்க்கிறதுன்னா என்னன்னு போகப்போக நானே உங்களுக்குச் சொல்லித் தர்றேன்."

"சரிங்க. சரிங்க," என்று மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"கடைசியா ஒண்ணு. அந்தத் திருடனை நீங்க மன்னிச்சுடணும்."

மாஸ்டரின் தலை ஆடாமல் நின்றது.

"அது மட்டும் வேணாமே டைலர் சார்."

"கோபம் இருக்கிற வீட்டுல இதுங்க தங்காது. அவனுக்கு என்ன கஷ்டமோ, என்ன நினைச்சு எடுத்தானோ. ஒருவேளை நல்லபடியாத்தான் வச்சுக் காப்பாத்துறானோ என்னவோ. நமக்குத் தெரியாது. உங்க மனசைக் காலி பண்ணிட்டு இதுங்களை உள்ள விடுங்க."

மாஸ்டர் தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்து மடித்துப் போட்டார். "சரி," என்றார் கடைசியில். "உங்களுக்காக. மன்னிச்சுட்டேன்."

கோழிகளைக் கீழே விட்டார்கள். அவை யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் கூண்டுக்குள் போயின. ஒவ்வொன்றும் தள்ளுமுள்ளு இல்லாமல் கம்பில் தன் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தது. மாஸ்டர் கண்களைத் துடைத்துக்கொண்டார். டைலரும் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா," என்றார் டைலர். "அன்பு இருக்கிற இடம் அதுங்களுக்குத் தானாத் தெரியுது."

மறுநாள் காலை மாஸ்டர் ஒரு கூடையோடு வந்தார். அவர் வீட்டுக் கொடியில் காய்த்த சுரைக்காய் அத்தனையையும் அறுத்துக்கொண்டு வந்திருந்தார். தக்காளிக்குப் பதிலாக விடுதிக்கு அனுப்பட்டுமே என்றார். மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெளிக்கதவுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, மூன்று பேருக்கும் டீ கொண்டுவந்தாள்.

"ராத்திரி நல்லாத் தூங்கினேன்," என்றார் மாஸ்டர். "நீங்க சொன்னது நிஜம் டைலர் சார். மன்னிச்சதும் நெஞ்சு லேசாயிடுச்சு. அந்தத் திருடன் இப்ப என் எதிர்ல வந்து உக்காந்தாக்கூட, ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஒரு டீ குடுத்து அனுப்புவேன்."

"அவனுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கட்டும்," என்று சொல்லி, டைலர் டீயை நிம்மதியாக ஒரு வாய் உறிஞ்சினார்.

தெருமுனையில் திரும்பிய சின்ன லாரி ஒன்று, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து அவர்கள் எதிரிலேயே நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"டைலர் வீடு இதுதானுங்களே? கோழிச் சங்கத்துலேருந்து வர்றேன். பண்ணையை மூடறது கொஞ்ச நாள் தள்ளிப்போச்சுங்க, உங்களுக்குத் தகவல் சொல்ல முடியலை. உங்களுக்குன்னு ஒதுக்கின கோழிங்களை இப்பதான் கொண்டாந்திருக்கேன், எங்க இறக்கட்டும்?"